மீன் இல்லாத மாதத்தில் பார்த்த வீடு

தவறு நடக்காமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் வீடு தேடும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. அவர்கள் ஒழுங்காகத் தேடுவார்கள், காரணங்களோடு தேர்ந்தெடுப்பார்கள், அதனால் அவர்களை யாரும் எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு முன்னால் கண்டுபிடிப்பதற்காகச் சென்னையில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் பெற்றோர் ஓய்வுக்காலத்தில் குடியிருக்கும் வீட்டைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுத இன்றும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அப்பா ஜவ்வாது மலைக்கு ஓடும் பேருந்தின் ஓட்டுநராக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை வளைவுகள்தான். வளைவில் ஒலிப்பான் அடித்து, எதிரில் வருகிற புளி லாரிக்கு ஒதுங்கி, மாட்டுக்கு நின்று, மறுபடி வளைவு. திருமணமான புதிதில் அம்மாவோடு ஒரே ஒருமுறை கடலைப் பார்த்தாராம். அப்போதே முடிவு செய்துவிட்டார். "கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஒரு வளைவு இல்ல. எதுத்தாப்ல ஒரு வண்டி வராது பாரு" என்பார். ஓய்வு பெற்றதும் கடலோரத்தில் குடியிருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா ஜமுனாமரத்தூரை விட்டு நகரத் தயாராக இல்லை. "கடல்ல இன்னா இருக்குது? தண்ணி. அதுவும் வாயில ஊத்த முடியாது" என்றார். பல மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"ஒரு தபாதான் மூட்டை கட்டுவேன். புடிக்கலைன்னா அன்னைக்கே திரும்பிடுவேன். அப்புறம் நீங்க கடலோட குடும்பம் நடத்துங்க."

அப்பா முகம் வாடிவிட்டது. அம்மா எதையும் மிரட்டலுக்காகச் சொல்பவர் அல்ல. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது என் ஆசிரியை ஒருவரோடு இனிப் பேசமாட்டேன் என்றார். பல ஆண்டுகள் கழித்து அந்த ஆசிரியையின் பணி நிறைவு விழாவுக்குப் போய், மாலை போட்டு, சாப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்.

ஆகவே வீட்டுத் தேர்வு தவறக் கூடாது. பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன் (யாரும் கொடுக்கவில்லை, நானேதான்). கணினியில் ஓர் அட்டவணை தயாரித்தேன். மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், நிலத்தடி நீரில் உப்பு எவ்வளவு, அப்பாவின் முழங்காலுக்கு ஏற்ற படிகளா, புயல் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும், வாசலில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு முக்கியத்துவம். அப்பா ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வீட்டு முன்னால் வண்டி திருப்ப இடம் வேண்டும். எங்களிடம் வண்டி கிடையாது. அவருக்கு அப்படி ஓர் இடம் கண்ணில் படாவிட்டால் மூச்சு முட்டும். அம்மா, வெயிலில் எதையாவது காயப்போட இடம் வேண்டும் என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று இரண்டையும் சேர்த்து "முன்புறத் திறந்தவெளி" என்று ஒரே வரியாக்கினேன். அன்று அதை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

மே மாதம் விடுப்பு எடுத்து மூன்று பேரும் போனோம். பாண்டிச்சேரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் வாழ்கிறார்கள். பார்த்த வீடுகளில் ஒன்றில் கிணறு உப்பு, இன்னொன்றில் மாடிப்படி ஏணி மாதிரி, மற்றொன்றில் கடல் தெரிய வேண்டுமானால் கழிவறை ஜன்னலுக்குப் போக வேண்டும். கடைசியாகப் பார்த்த வீட்டுக்கு முன்னால் பெரிய சிமெண்டுத் தளம் இருந்தது. ஒரு குப்பை இல்லை. மழை கழுவி வெயில் உலர்த்தி, சமதளமாக, வெளுப்பாக விரிந்து கிடந்தது. அதற்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல்.

அப்பா அந்தத் தளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். கையில் இல்லாத ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தார். "ரிவர்ஸே எடுக்காம திருப்பிடலாம்" என்றார். அம்மா கால் கட்டை விரலால் சிமெண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "நல்ல களம். புளி காயும்" என்றார். கடலோரத்தைப் பற்றி அம்மா சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் முழு மதிப்பெண் போட்டேன்.

அந்தத் தளம் யாருடையது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் மலையில் ஊரை ஒட்டிய தட்டைப் பாறைதான் எல்லோருக்கும் களம். சாமையோ புளியோ, விடியற்காலையில் யார் பாறையைப் பெருக்குகிறார்களோ அன்றைக்கு அது அவர்களுடையது. யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவள் நான். ஆனால் களத்தில் ஆளே இல்லாததால் கேட்கத் தோன்றவில்லை. படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன, ஆண்கள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். அது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். குறிப்புப் பகுதியில் "மீன்பிடித் தடைக்காலம், ஊர் மிக அமைதி" என்று நானே எழுதி, அமைதிக்காகக் கூடுதல் மதிப்பெண்ணும் கொடுத்தேன். "காற்றில் வாடை" என்ற வரிக்கு நேராக "இல்லை" என்று எழுதினேன். (பிற்பாடு இதை என் மேலாளரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. என் பழைய சோதனை அறிக்கைகளை ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.)

அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வீட்டை மூன்று ஆண்டுப் போக்கியத்துக்குப் பிடித்தோம். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவது என்று முடிவானது. மலையிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள், அவர்களுக்குத் தலைவராக அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. கூடவே எங்கள் மரத்துப் புளி ஒரு மூட்டை. முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகு போய் இறங்கினோம். லேசாக ஒரு வாடை வந்தது. அப்பா நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "இதான் கடல் காத்து" என்றார். பெரியப்பாவும் இழுத்துப் பார்த்துவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் அம்மா எழுந்து களம் முழுவதையும் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நடுவில் பெரிய கோலம் போட்டார். அப்பா வாடகை நாற்காலிகளைக் கொண்டுவந்து களத்தில் வரிசையாகப் போட்டார். இந்தப் பக்கம் இரண்டு, நடுவில் வழி, அந்தப் பக்கம் மூன்று. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அதாவது ஜன்னல் இருந்திருந்தால் ஓரமாக இருக்கும் இடத்தில். நான் பட்டுப்புடவையில், சமையலறைக் கதவில் ஒட்டிய நிகழ்ச்சி நிரலின்படி அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன். பால் பொங்கும்வரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அப்போதுதான் தலையில் கூடைகளோடு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் அஞ்சலாட்சி என்று பிற்பாடு தெரிந்தது. நாற்காலிகளைப் பார்த்து நின்றார்.

"இன்னாக்கா, கல்யாணமா?"

"வூட்டுக்குப் பால் காய்ச்சறோம்" என்றார் அம்மா.

"நல்லது. சீக்கிரம் காய்ச்சுங்க. நெத்திலி நிக்காது, கெட்டுப்பூடும்."

சொல்லிவிட்டுக் களத்தின் அந்தக் கோடியில் கூடையைக் கவிழ்த்தார். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். வெள்ளி வெள்ளியாக நெத்திலி பரவியது. அது அவர்கள் தலைமுறை தலைமுறையாக மீன் காயவைக்கும் களம். அந்த உண்மை எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் புரிந்தது. எனக்குத்தான் கடைசியில்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கருவாடு எங்கள் மலைக்குப் புதிதில்லை. சந்தை நாளில் வாங்கி வந்து குழம்பு வைத்தால் பெரியப்பா கேழ்வரகுக் களியை மறுபடி கேட்பார். ஆனால் கருவாடு கருவாடாவதற்கு முன்னால் என்னவாக இருக்கிறது என்பதை எங்களில் யாரும் அருகில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதுவும் விரத வெள்ளிக்கிழமையில், பட்டு வேட்டியோடு.

பெரியப்பா எழுந்து இது எங்கள் வீட்டுக் களம் என்று வாதாடினார். தன் மாமியாருக்கு மாமியார் காலத்திலிருந்து மீன் இங்கேதான் காய்கிறது என்றார் அஞ்சலாட்சி. பேச்சு ஏறியது, மீனும் வரிசை வரிசையாக முன்னேறியது. முதல் நாற்காலி வரிசையை அது நெருங்கியபோது பருந்துகள் வந்தன. ஒன்று தாழப் பறந்து என் சித்தப்பா கையிலிருந்த வடையை எடுத்துக்கொண்டு போனது. மீன் களத்தில் வடையைத் தேர்ந்தெடுத்த பருந்து அது ஒன்றுதான்.

நான் வெளியே போனேன். அலுவலகக் கூட்டங்களில் பேசுகிற குரலில், "ஒரு நிமிஷம். ரெண்டு பக்கத்துக்கும் தேவை இருக்குது. நேரத்தைப் பிரிச்சிக்கலாம்" என்று தொடங்கினேன். காகம் ஒன்று சண்டையில் நழுவவிட்ட நெத்திலி என் தோளில் விழுந்தது. நான் அதை எடுத்துப் போடாமல் தொடர்ந்து பேசினேன். நிதானம் இழக்கக் கூடாது என்று நினைத்தேன். நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று விளக்கி முடிக்கும்போது அம்மா என்னைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். புகை வந்துகொண்டிருந்தது.

பால் பொங்கி, அடங்கி, வற்றி, அடிப்பிடித்து, புதுப் பாத்திரம் கரியாகியிருந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். மீன் கொட்டிய பெண்கள்கூட நிறுத்தினார்கள். கருகிய பாலின் வாடை மீன் வாடையை வென்ற ஒரே தருணம் அது.

"சகுனமே சொல்லிட்ச்சி" என்றார் பெரியப்பா அம்மாவிடம் மெதுவாக. "குப்பு, வேன்ல ஏறு. போலாம்."

அப்பா கூட்டத்திலிருந்து விலகினார். கடைசி வரிசை நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். பேருந்தில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா கூட்டிப் போங்கள் என்று சொன்னால் அவர் தடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. தானும் வேனில் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு கடல் என்ற சொல்லையே எடுக்க மாட்டார். என் தோளில் நெத்திலி இன்னும் இருந்தது.

அம்மா அப்பாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அஞ்சலாட்சியிடம் போனார்.

"எங்க மலையில விடிகாலைல பெருக்குனவங்களுக்குத்தான் அன்னைக்குக் களம். நான் பெருக்கிட்டேன்."

"பளிச்சுனு பெருக்கிக்கீறக்கா. அதான் நம்பிக் கொட்டுனோம்."

பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "பாதி" என்றார்.

"இன்னாத்துல பாதி?"

"களத்துல. ஒரு மூட்டை புளி இருக்குது. இந்த உப்புக் காத்துக்கு ஊறிப்பூடும்."

புளியைக் காட்டச் சொன்னார் அஞ்சலாட்சி. அம்மா மூட்டையைப் பிரித்தார். அஞ்சலாட்சி ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கி, பக்கத்தில் இருந்தவருக்கும் கொடுத்தார். மூட்டையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கொட்டை எடுத்ததா, எந்த மலை, மீன் குழம்புக்கு எவ்வளவு போடலாம் என்று பேச்சு போனது. சற்று நேரத்தில் தீர்ப்பு வந்தது. "கோலத்துக்கு இப்பால நீ. அப்பால நாங்க."

பெரியப்பா வேனில் ஒரு கால் வைத்தபடி மறுபடி கூப்பிட்டார். அம்மா திரும்பிப் பார்க்காமல் புளியைப் பரப்பிக்கொண்டே, "மூட்டையைப் பிரிச்சிட்டேன் மாமா" என்றார். அப்பா எழுந்து யாரிடமும் சொல்லாமல் பாக்கெட் பால் வாங்கக் கடைக்கு நடந்தார். நடையில் வேகம் இருந்தது. இரண்டாவது பாலை அம்மாவே காய்ச்சினார். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. விருந்தை உள்ளே, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். மாலையில் வேன் கிளம்பும்போது பெரியப்பா மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. என்ன என்று கேட்டதற்குப் பிரசாதம் என்றார்.

அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டு ரசத்தில் நெத்திலி வாசம் வீசியது. அம்மா இப்போது அந்தத் தெருவுக்கே மலைப்புளி விற்கிறார். மலையில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும், களத்தை விட்டுவிட்டு எப்படி வர்றது என்கிறார். அப்பா தினமும் காலையில் ஒரு நீளக் கழியோடு நாற்காலியில் உட்கார்ந்து புளிக்கும் மீனுக்கும் சேர்த்துக் காகம் ஓட்டுகிறார். அந்த வேலையை அவருக்குக் கொடுத்தவர் அஞ்சலாட்சி. கழிக்கு அப்பால் கடல் தெரிகிறது.

என் நிலைமைதான் சீராகவில்லை. மலையில் யாராவது நிலமோ மாடோ வாங்கப் போனால், பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர், "தடைக்காலம் முடியட்டும்" என்கிறார். எங்கள் உறவுக்கு வெளியிலும் அது பரவிவிட்டதாகக் கேள்வி.

சென்ற சித்திரையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், அதே வீட்டுக்கு. நல்ல குடும்பம். பையனும் பொறியாளர். தனியாகக் கொஞ்ச நேரம் பேசினோம். அவர்கள் போனதும் அம்மா, அப்பா, பெரியப்பா எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பையன் எப்படி என்று அம்மா கேட்டார்.

எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. யோசித்து, அளந்து, "ரொம்ப அமைதியா இருக்கார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா தலையை ஆட்டியபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னல் வழியே மணலில் ஏறிக் கிடந்த படகுகளைப் பார்த்தார். பையனை ஆவணியில் இன்னொரு முறை வந்து போகச் சொல்வது என்று ஒருமனதாக முடிவாயிற்று.