யாக்கூப் கடை ரொட்டியும் ஆத்மநாதன் விரதமும்

ஆத்மநாதனுக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே வரும். சொன்ன பொய்யோடு குடித்தனம் நடத்தத்தான் வராது.

எல்லாம் யாக்கூப்பின் ரொட்டியால் வந்த வினை. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு புதுக்கோட்டை வந்து சேர்ந்தவன் யாக்கூப். ஆத்மநாதன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறி, கீழ ராஜ வீதி முக்கில் ஒரு தள்ளுவண்டி போட்டான். கொத்துக்கறியை வடையாகத் தட்டி, கல்லில் முறுகவிட்டு, கீறின பன்னுக்குள் வைத்து, பச்சை வெங்காயம் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து நீட்டுவான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊரே அங்கே நிற்கும். கச்சேரிக் குமாஸ்தாவும் நிற்பார், ஜட்கா வண்டிக்காரனும் நிற்பான், ஒருத்தர் தோளை ஒருத்தர் இடித்துக்கொண்டு கை நீட்டுவார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்கத் துணி கிழித்துக் களைத்த நம் ஆத்மநாதன் எல்லாருக்கும் முன்னால் நிற்பார்.

அவர் மனைவி மீனம்மாள் ஒரு நாள் கேட்டாள்.

"என்னங்க, ரங்கூன் ரொட்டி ரங்கூன் ரொட்டின்னு தெருவே பேசுதே. எனக்கும் ஒண்ணு வாங்கியாங்களேன்."

"தெருவுல விக்கிறதை எல்லாம் திங்கிறதா? வயித்துக்கு ஆகாதுடி."

சொன்ன மகராசன் அன்றைக்கு ரெண்டு ரொட்டி தின்றிருந்தார். இலை முன்னால் உட்கார்ந்தால் சோறு இறங்குவேனா என்கிறது.

"ஏன் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க? கொழம்பு நல்லால்லையா?"

இங்கே ஒரு மனுஷன் தலைவலி என்று சொல்லியிருக்கலாம். ஆத்மநாதன் அப்படிச் சின்னதாகப் பொய் சொல்கிற ஆளில்லை.

"விரதம் மீனா. நார்த்தாமலை ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன். பூச்சொரிதல் முடியிற வரைக்கும் வெளக்கு வச்சா பச்சத்தண்ணிதான்."

"யாருக்காக நேந்துக்கிட்டீங்க?"

"ஒனக்காகத்தான்."

மீனம்மாள் அவர் மீசையைப் பார்த்தாள். அதில் ஒரு துண்டு வெங்காயம் ஒட்டியிருந்தது. இலையை எடுத்துக்கொண்டு போனாள். இனி ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சாக்குச் சொல்ல வேண்டாம், பூச்சொரிதல் வரைக்கும் நிம்மதியாக ரொட்டி தின்னலாம் என்று ஆத்மநாதன் சந்தோஷமாகத் தூங்கினார்.

மறுநாள் வண்டியில் கை நீட்டினால் யாக்கூப் கையைக் கட்டிக்கொண்டான்.

"ஒங்களுக்குக் கெடையாதுண்ணே."

"ஏப்பா, தீந்துருச்சா?"

"ரொட்டி இருக்கு. நீங்கதான் விரதத்துல இருக்கீங்களே. காலையில மீனம்மாத் தங்கச்சி வீட்டுக்கு வந்து என் பொஞ்சாதி ரஹீமாகிட்ட சொல்லிட்டுப் போச்சு. அவுக சபலப்பட்டு வந்து நின்னா நீங்கதான் அண்ணே காப்பாத்தணும்னு எங்கிட்டயும் கண் கலங்கிருச்சு."

"அது வெளக்கு வச்ச பொறவுதான்ப்பா."

யாக்கூப் வண்டியில் தொங்கிய அரிக்கேன் விளக்கைக் காட்டினான். "பொருத்தியாச்சுல்ல. நானும் நோம்பு பிடிக்கிறவன். என் கையால ஒருத்தர் நேத்திக்கடன் முறிஞ்சா எனக்கு அடுக்குமா?"

தோளோடு தோள் நின்று தின்ற ஜட்கா வண்டிக்கார மரியசெல்வம், ஆத்மநாதனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்த் தெருக்கோடியில் விட்டான். கறி வாசம் படாத இடமாம். காப்பிக் கிளப்புக்குப் போனால் கிளப்புக்காரர் சோலையப்பன் டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீர் வைத்தார், அதுவும் பயபக்தியோடு. ஒரு மனுஷனைப் பட்டினி போடுவதில் இந்த ஊருக்கு இவ்வளவு ஒற்றுமை இருக்கும் என்று அவர் கண்டாரா?

அந்த வாரம் முடிவதற்குள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கடை விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தார். கொல்லைப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. செத்தாலும் மறக்காத வாசம். ஓடிப்போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மீனம்மாள் ரங்கூன் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள்.

"ஏதுடி இது?"

"ரஹீமா அக்கா தெனம் சுவத்துக்கு மேல குடுத்துரும். நேந்துக்கிட்டது நீங்கதானே? இருந்தாலும் விரத வீடாச்சேன்னு இங்கிட்டு கொல்லையில வந்து திங்கிறேன்."

 ஆத்மநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய்யி மீனா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? அப்பன்னா யாக்கூப்கிட்டப் போயி சொல்லிரு."

"ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னாருன்னா சொல்லச் சொல்றீங்க? அப்புறம் ஒங்க கையால எவன் துணி வாங்குவான்?" அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஊரே நின்னு திங்கிது. இவளுக்கும் ஒரு கடி வேணும்னு ஒங்களுக்குத் தோணலையே. அதுதான் எனக்கு ஆத்தாமை."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. பசியைவிட அதுதான் சுட்டது.

"தப்புத்தான் மீனா. பூச்சொரிதல் முடியட்டும். ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயி வண்டிகிட்டயே நிக்க வச்சு வாங்கித் தாரேன். பாக்குறவன் பாக்கட்டும்."

"நெசமாவா?"

"நெசமா."

வாக்குக் கொடுத்த மனுஷனின் முகத்தை மீனம்மாள் பார்த்தாள். அவளுக்கு மனசு இளகிப்போயிற்று. மிச்சமிருந்த ரொட்டியை ரெண்டாகப் பிட்டாள். பெரிய பாதியாகப் பார்த்து அவரிடம் நீட்டினாள். ஆத்மநாதன் கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

"என்ன மீனா, அண்ணனுக்கா ஊட்டுற?"

சுவருக்கு மேலே ரஹீமா பீவியின் தலை.

மீனம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமாக்கா, சோதிச்சுப் பாத்தேன். கண்ணை மூடி ஆத்தாளைக் கும்பிடுறாரே ஒழிய, அசைய மாட்டேங்கிறாரு."

சொல்லிவிட்டு அந்தப் பாதியையும் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.