புரண்டு படுத்தால் விளக்கெரியும் கட்டடம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா, அவள் பெற்ற என் மகள், நான், மூவரும் நலம். அங்கே நீயும், நீ மேனேஜராக இருக்கும் நம் ஹோட்டலின் பழைய கிளையும், நான் இத்தனை காலம் வெந்த அந்தக் கரிபிடித்த சமையலறையும் நலமா?

விஷயத்துக்கு வருகிறேன். என்னை அங்கேயே திரும்பக் கூப்பிட்டுக்கொள். இந்தப் புதுக் கிளை சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடமாம். சமையல்காரனுக்கு உகந்ததா என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் கை நீட்டினால் தண்ணீர் வரும், சோப்புப் போட்டு முடிப்பதற்குள் நின்றுவிடும், பிறகு அதன் முன்னால் நான் கையேந்தி நிற்க வேண்டும். குப்பைக்கு நான்கு தொட்டி. முட்டை ஓட்டை எதில் போடுவதென்று யோசித்து நின்றதில் அடுப்பில் இருந்தது தீய்ந்துபோய், அதைப் போட ஐந்தாவது தொட்டி தேடினேன். அதாவது போகட்டும், மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் சரக்கு அறை மூட்டையில் சாய்ந்து கண்ணசருவேனே, அதற்கும் வேட்டு. ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணையும் விளக்கு அங்கே. நம்மைத் தூங்க வைக்கவே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போய்ப் படுத்தேன். புரண்டேன், பளிச்! கண்ணாடிக் கதவு வேறு.

"என்ன மாஸ்டர், உள்ள விளக்கு கண்ணடிக்குதே, எலியா?" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

பாத்திரம் கழுவும் பெண் விடுவாளா? "எலி இல்ல மேடம், பெருச்சாளி. மூட்டை மேலயே படுத்துத் தூங்கும்."

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர்.

ஆகவே உன் கிளையில் காலியாக இருக்கும் இடத்தை வேறு யாருக்கும் தந்துவிடாதே. நாளைக்கே முதலாளியிடம் பேசு. உன் அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே.

நோய்நொடியில்லாமல், மேலதிகாரி கண்ணில் படாமல், நன்றாகத் தூங்கி எழ வாழ்த்தும்
உன் அத்தான்

பி.கு.: இதை முடித்துவிட்டுச் சற்றுப் படுத்தேன். மூக்கில் ஏதோ ஊர்ந்தது. விழித்தால் மகளின் விரல். "அம்மா, மூச்சு இருக்கு!" என்று கத்துகிறாள்.

ஓடி வந்த உன் அக்கா, "பின்ன என்னங்க, படுத்தா தெருவே கேக்க இருமுற மனுஷன். சத்தமே காணோம்னா பயமா இருக்காதா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. உன் சமையலறைப் புகையில் பிடித்த இருமல், இந்தப் புதுக் கிளைச் சமையலறையின் பெரிய ஜன்னல் காற்றில் எப்போதோ போயிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை. எனவே மேலே எழுதியதை மறந்துவிடு, நான் வரவில்லை. முதலாளியிடம் கட்டாயம் பேசு. அந்த இடத்துக்கு ஆள் வைக்குமுன் உன் சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எழுந்தேன். வீட்டிலும் மகள் நான்கு தொட்டி வைத்திருக்கிறாள். காகிதம் எதில் என்று கேட்டால் வாங்கிப் படித்துவிடுவாள். அதனால்தான் உனக்கே அனுப்புகிறேன்.