ஏழு நாள் தண்ணீர்

மெல்பர்னில் எங்களைத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடையே எனக்கு ஒரு பெயர் உண்டு: சொந்த வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவன். பொய்யில்லை. குழாய் வெடிக்கவில்லை, கூரை ஒழுகவில்லை, பேய்மழை ஒன்றும் பெய்யவில்லை. நானே வாளியில் பிடித்தேன், நானே ஊற்றினேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அதுவும் மனைவி வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஊற்றினேன்.

மனைவி கௌரி யாழ்ப்பாணத்துக்காரி, நான் திருச்சிக்காரன். அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் கம்ப்யூட்டரைத் தட்டிப் பிழைப்பவன். பதினோரு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு கிளேட்டனில் ஒரு பழைய மரவீட்டை வாங்கினோம். நாங்கள் இருந்த வாடகை வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே சாம்பல் நிறக் கார்ப்பெட். மூன்று மாதத்துக்கொரு முறை ஏஜென்ட் பெண் வந்து அதில் சாம்பார்க் கறை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். கௌரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கார்ப்பெட்டை அவள் வெறுத்த அளவுக்கு ஒரு மனிதரை வெறுத்து நான் பார்த்ததில்லை.

புது வீட்டிலும் கார்ப்பெட்தான். சாவி வாங்கிப் பால் காய்ச்சிய மறுநாளே ஹாலின் மூலையில் அதைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தாள். அடியில் மரப்பலகை. தேன் நிறத்தில், சுவரிலிருந்து சுவர் வரை ஒரே ஓட்டமாக. கௌரி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஒரு முழப் பலகைமேல் ஏறி நின்றாள். வீட்டைப் புதுப்பிக்கும் வேலைகளை நாங்களே செய்துகொள்வது என்று அன்றைக்குத்தான் முடிவானது. ஆள் வைக்க வசதியில்லை என்பது இன்னொரு காரணம். (அதுதான் முதல் காரணம். கௌரவத்துக்காக இரண்டாவதாக எழுதுகிறேன்.)

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஹால் தரை அவளுக்கு, சமையலறைத் தரை எனக்கு. சமையலறையை அவள் குசினி என்பாள், நான் அடுப்படி என்பேன். எங்கள் மகள் இனியா 'கிச்சன்' என்று சொல்லி இரண்டு ஊரையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

கௌரி பலகை தேய்க்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தாள். அவளைவிட எடை கூடிய இயந்திரம் அது. மூக்கில் முகமூடி, தலையில் என் பழைய வேட்டியின் கிழிசல். ஆறு வாரக் கடைசிகள் தேய்த்தாள். இயந்திரம் எட்டாத ஓரங்களை முட்டிபோட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். கடைசியில் மூன்று பூச்சு வார்னிஷ். அது காய்ந்த அன்று ஹால் முழுக்க வெளிச்சம் விழுந்துகிடந்தது. அதற்குப் பிறகு வேலை முடிந்து வரும்போதெல்லாம் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல், அந்தப் பலகைமேல் வெறுங்காலோடு ஒரு நிமிடம் நிற்பாள். நாள் முழுக்க நின்றே வேலை செய்தவள் வீட்டுக்கு வந்தும் ஏன் நிற்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததில்லை. கேட்டதுமில்லை.

இப்போது என் பங்குக்கு வருவோம்.

இந்த ஊர் வீடு எப்படிப்பட்டது என்று எனக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன். திருச்சியில் சுவரில் ஆணி அடிப்பதென்றால் நாலு ஆணி வளைந்து விழுந்து ஐந்தாவதுதான் இறங்கும். அந்தப் பழக்கத்தில் ஓங்கி ஒரு போடு போட்டேன். ஆணியோடு சுத்தியலும் சுவருக்குள் போய்விட்டது. உள்ளே செங்கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை, வெறும் அட்டை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் காலண்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி ஓட்டையை மறைத்துவிட்டுப் போய்விட்டேன்.

சமையலறையில் பழைய விரிப்பை உரித்தேன். அங்கேயும் பலகை. அதன்மேல் சிமெண்ட் அட்டைகளை அறைந்து, அதன்மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று வீடியோக்களில் பார்த்து வைத்திருந்தேன். அட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை அடைக்க வேண்டும் என்றும் வீடியோவில் சொன்னார்கள். அந்த இடத்தைப் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிட்டேன். ஒட்டுகிற பசை மூட்டையில் தூளாக வந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்ததும் சிமெண்ட் வாசனை அடித்தது. அந்த வாசனைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா திருச்சியில் வீடு கட்டினார். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, புதுச் சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைப்போம், தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றி வைப்போம். சிமெண்ட் வேலை என்றால் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். தமிழ்நாட்டில் வீடு கட்டிய எந்தக் குடும்பத்திலும் இது தெரியாத ஆள் இருக்க மாட்டார். கட்டடத் தொழிலில் எனக்கிருந்த மொத்த அனுபவமும் இதுதான். இதை வைத்துக்கொண்டு நான் ஒரு எஞ்சினியர் தோரணையில் உலாவினேன்.

டைல்ஸ் ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. வரிசை ஜன்னல் பக்கம் லேசாகக் கோணியிருந்தது. (அங்கேதான் பிரிட்ஜ் நிற்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள்?) மறுநாள் காலை, க்யூரிங் என்று சொல்லும் அந்தத் தண்ணீர் விடும் வேலையைத் தொடங்கினேன். சாக்குக்கு எங்கே போவது? பழைய குளியல் துண்டுகளையும் இரண்டு படுக்கை விரிப்புகளையும் நனைத்துத் தரை முழுக்க விரித்தேன். ஹாலுக்குப் போகும் வாசலில் ஒரு கம்பளியைச் சுருட்டிப் போட்டுப் பாத்தி கட்டினேன். பிறகு வாளி வாளியாக ஊற்றினேன். இனியா பள்ளிச் சீருடையில் நின்று பார்த்தாள். "அப்பா, ஒய் ஆர் யூ வாட்டரிங் த டைல்ஸ்?" என்று கேட்டாள். அறிவியல் என்றேன்.

இரண்டாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையில் காணவில்லை. சிமெண்ட் என்னமாய்க் குடிக்கிறது என்று பூரித்துப்போய் இன்னும் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினேன்.

மூன்றாம் நாள் காலை கௌரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அந்த நாட்களில் எங்கள் சமையல் துணி துவைக்கும் லாண்டரி அறையில் நடந்தது. சோற்றுக் குக்கர் வாஷிங் மெஷின்மேல் உட்கார்ந்திருந்தது. கையில் கரண்டியோடு அங்கிருந்து வந்தாள்.

"இஞ்சருங்கோ, இது பலகை வீடு. கீழையும் பலகைதான். நீங்கள் ஊத்திற தண்ணி எங்கை போகுது எண்டு பாத்தனீங்களே?"

கேள்வி அவ்வளவு எளிமையானது. குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஹால் அதுவரை தப்பித்திருக்கவும் கூடும். நானோ வாளியும் கையுமாக நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டே, பெரிய நகைச்சுவை சொல்வதாக நினைத்துச் சொன்னேன்:

"வீடு கட்டுறதப் பத்தி உனக்கென்ன தெரியும், கௌரி? நீங்கள்லாம் வீடு இடியறதத்தானே பாத்திருக்கீங்க."

அவள் என் கையிலிருந்த வாளியைப் பார்த்துவிட்டு லாண்டரிக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்குப் பருப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அதனால் அவளுக்குக் கோபம் இல்லை என்று நான் முடிவு கட்டினேன்.

கௌரி போரில் வீட்டைவிட்டு இடம்பெயர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பல வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, தரை மட்டும் இருந்ததாம். இதைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது என்றால் இந்தக் கதையில் நான் வெறும் முட்டாள். தெரிந்துதான் சொன்னேன்.

நாலு, ஐந்து, ஆறு என்று நாட்கள் ஓடின. நான் ஒரு வேளை தவறாமல் ஊற்றினேன். ஆறாம் நாள் ஹால் கதவு பாதியில் சிக்கியது. மழைக்காலத்தில் மரம் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் பிற்பகல் இனியா பள்ளியிலிருந்து வந்து, காலுறையோடு ஹாலில் வழுக்கி விளையாட ஓடினாள். இரண்டே அடியில் தடுக்கி விழுந்தாள். "த ஃப்ளோர் இஸ் பம்பி, அப்பா" என்றாள். போய்க் காலால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்து கிடந்தது. சமையலறை வாசலில் தொடங்கி ஜன்னல் வரைக்கும், உழுதுபோட்ட மாதிரி. நான் ஊற்றிய தண்ணீர் டைல்ஸ் இடைவெளிகளிலும் அட்டை இடுக்குகளிலும் இறங்கி, சுவரோரமாக ஓடி, பலகைக்கு அடியில் போய்த் தேங்கியிருந்தது. என் கம்பளிப் பாத்தி மட்டும் அசையாமல் கிடந்தது. மேலே ஒரு சொட்டு கூட அது தாண்ட விடவில்லை.

அரை மணி நேரத்தில் கௌரி வந்தாள். எச்சரிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டாள். வழக்கம்போல் பலகைமேல் ஏறினாள். ஏறிய கால் அப்படியே நின்றது. பிறகு கைப்பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முன்பு உப்புத்தாள் தேய்த்த அதே ஓரங்களை உள்ளங்கையால் தடவினாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தரை வேலை பார்க்கும் ஒருவரை வரவழைத்தோம். பெரிய உருவம், மெல்லிய குரல். ஈரம் அளக்கும் கருவியைப் பலகையில் குத்திப் பார்த்தார். வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனவர் முழங்கால் வரை சேற்றோடு வெளியே வந்தார். குழாய் எங்கே உடைந்தது என்று கேட்டார். உடையவில்லை என்றோம். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். அதில் காரணம் என்று ஒரு கட்டம். எதையாவது எழுதியாக வேண்டுமே என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மை ஹஸ்பண்ட்" என்றாள் கௌரி.

சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு நொடி காத்திருந்தார். நாங்கள் சிரிக்காததால் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் படிவத்தின் நகல் இன்றைக்கும் எங்கள் கோப்பில் இருக்கிறது. பசை மூட்டையின் காலிப் பையைக் கராஜில் எடுத்துப் பார்த்து, ஒட்டியபின் ஈரம் படாமல் வைக்கச் சொல்லிப் போட்டிருப்பதையும் அவரே எனக்கு வாசித்துக் காட்டினார்.

பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது என்றார். மறுபடி தேய்க்கவும் முடியாதாம். ஏற்கெனவே நன்றாகத் தேய்த்திருப்பதால் கனம் போதாது. நன்றாகத் தேய்த்தது கௌரி. காய்வதற்கே நாலு மாதம் ஆனது. பிறகு ஹால் முழுக்கக் கார்ப்பெட் போட்டோம். எங்கள் வசதிக்குக் கிடைத்தது சாம்பல் நிறம்தான். அவள் தேய்த்த பலகை இப்போது ஒரே ஓர் இடத்தில் மிஞ்சியிருக்கிறது: ஹால் மூலையில், வாக்யூம் கிளீனர் வைக்கும் அலமாரிக்குள். கிளீனரை எடுக்கப் போகும்போது அவள் ஒரு காலை உள்ளே வைத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தூரம் எட்ட வேண்டிய அவசியமே இல்லை.

என் டைல்ஸுக்கு மட்டும் ஒரு கீறல் கிடையாது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், சோபாவோ, ஃபோனோ, "தண்ணி விட்டாச்சோ?" என்று கௌரி கேட்பாள். இனியாவுக்குப் பல்லில் கம்பி போட்ட அன்று அவளே என்னிடம் வந்து, "அப்பா, செவன் டேஸ் வாட்டர்?" என்று இளித்துக் காட்டினாள். விருந்துகளில் கௌரிதான் இந்தக் கதையைச் சொல்வாள். சாக்குக்குப் பதில் துண்டு, கம்பளிப் பாத்தி, 'மை ஹஸ்பண்ட்' என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மூன்றாம் நாள் வரும்போது மட்டும், "நான் சொன்னனான், இவர் கேக்கேல்லை" என்று சொல்லித் தாண்டிவிடுவாள். நான் சொன்ன அந்த ஒரு வரியை மறந்துவிட்டாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவது வசதியாக இருந்தது. மறந்துபோன ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லையே.

போன மாதம் கிரெய்கிபர்னில் ஒரு நண்பர் வீட்டில் மதிய விருந்து. வழக்கம்போலக் கதை ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் இடைமறித்தாள். "நீங்க வேணாம்னு சொன்னீங்கல்ல அக்கா, அப்ப அண்ணன் என்ன சொன்னார்?"

என் கையில் பாயசக் கிண்ணம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கௌரி ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்டும் சொல்லேல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரித்து வைத்தேன்.

வீடு திரும்பும்போது இனியா பின்சீட்டில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சாலையைப் பார்த்தபடி, ஆறு வருடம் தாமதமாக, அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கௌரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர்களிடம் ஏன் அதைச் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"அதைச் சொன்னா ஆர் சிரிப்பினம்?" என்றாள்.