பண்டைத் தமிழர் குடித்த சொக்கலேட்

லண்டனில் தமிழ்ப் பேச்சுப் போட்டி என்றால், பேசுவது பிள்ளைகள், போட்டியிடுவது அப்பாக்கள். எழுதிக் கொடுப்பதும் நாங்கள், கடைசி வரிசையில் இருந்து வியர்ப்பதும் நாங்கள். பாவம், பிள்ளைக்குப் பாதி விளங்காது. ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்து, கையை ஆட்டிவிட்டு இறங்கும். (எந்த இடத்தில் கையை ஆட்டுவது என்பதும் அப்பாவின் உபயம்தான்.)

என் மகள் அக்சராவுக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றாலே முகம் கறுத்துவிடும். கெஞ்சிக் கூத்தாடியதில் ஓர் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தாள். பேச்சுப் போட்டியில் கப் கிடைத்தால் தமிழ் தொடரும், இல்லாவிட்டால் நீச்சல். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

கொடுத்த தலைப்பு ‘பண்டைத் தமிழரின் பெருமை’. நானோ வேர்ஹவுஸ் ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் சரிகிற ஆள். போட்டி நெருங்கியும் ஒரு வரி எழுதவில்லை. அப்போதுதான் பிரிட்ஜ் கதவில் அக்சராவின் பள்ளிக்கூடப் போஸ்டர் கண்ணில் பட்டது. மத்திய அமெரிக்காவின் மாயா நாகரிகம். காட்டுக்கு நடுவே வானளாவிய கோயில்கள், பஞ்சாங்கம், பூச்சியம், சொந்த எழுத்து என்று பிள்ளை அழகாகக் கோர்த்திருந்தாள். அதை அப்படியே தமிழாக்கி, ‘மாயா மக்கள்’ வந்த இடமெல்லாம் ‘பண்டைத் தமிழர்’ என்று போட்டேன். வேலை சுலபமாக முடிந்தது.

வெம்பிளியில் மண்டபம் நிரம்பியிருந்தது. “இரும்புக் கருவி இல்லாமலே மலைபோலக் கோயில் கட்டினார்கள் பண்டைத் தமிழர்!” என்றாள். கைதட்டல். “பூச்சியத்தைச் சிப்பி போல எழுதினார்கள்!” இன்னும் பெரிய கைதட்டல். “அரசி தன் நாக்கைத் துளைத்துக் கடவுளுக்கு இரத்தம் கொடுத்தாள்!” என்றாள். அந்த வரியை வெட்ட மறந்திருந்தேன். ஆனால் பக்கத்தில் இருந்தவர், “ஓம், அலகு குத்துறதுதானே, இப்பவும் செய்யினம்” என்று தலையாட்டினார். பெருமை என்று வந்துவிட்டால் நம்மவர்கள் எதையும் தாங்குவார்கள்.

“பிறகு நகரங்களைக் கைவிட்டுப் போனார்கள். ஏன் போனார்கள் என்று சரியாகத் தெரியாது” என்றாள். மண்டபம் அடங்கிப்போயிற்று. அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடி வந்தவர்கள். ஏன் போவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். நான், கப் நிச்சயம் என்று நினைத்தேன். (வெட்கம் கெட்டவன்.)

“அவர்களின் அரசர்கள் மிளகாய் போட்டுச் சொக்கலேட்…” அத்தோடு நின்றாள். விளங்காமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தவளுக்கு, வீட்டில் அத்தனை தரம் சொல்லியும் உறைக்காத அந்த ஒரு சொல் அப்போதுதான் விளங்கியது. கண்களால் என்னைத் தேடினாள். மைக் எல்லோருக்கும் சொன்னது:

“அப்பா, திஸ் இஸ் மை மாயா போஸ்டர்!”

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. நடுவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. மனைவி என் பக்கம் திரும்பி, “எங்கட ஆக்களைப் பற்றி எழுத உங்களுக்கு ஒண்டுமே கிடைக்கேல்லையோ?” என்றாள்.

ஜூபிலி லைன் ரயிலில் அக்சரா என் பக்கத்தில் இருக்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருந்து அழுதாள். பிறகு ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். தமிழில் சொன்னால் இப்படி:

“அப்ப நாங்கள் ஒண்டுமே செய்யேல்லையா, அப்பா? அதாலதான் அவையின்ரை பெருமையை எடுத்தனீங்களா?”

வாயைத் திறந்தேன். கல்லணை முதல் அத்தனையும் தொண்டை வரை வந்தன. ஆனால் இனி நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள் என்று விளங்கியது. அன்று எனக்கு வந்த துக்கத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீச்சலுக்குக் கூட்டிப் போனேன்.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். உறவினர்கள் கூடும்போது நான் உற்சாகத்தில், “எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலையே…” என்று தொடங்கினால் போதும், மேசையின் மறுமுனையிலிருந்து குரல் வரும்:

“அப்பா, இது நாங்களோ, மாயாக்காரரோ?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் தமிழில் முழுதாகச் சொல்லும் வசனம் அது ஒன்றுதான்.