பதினாலாவது கட்டமும் பதினோரு தும்மலும்

பஸ் ஓட்டுறவர் தும்மக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் எழுதலை. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. தும்முறப்போ கண்ணு தானா மூடிக்குதே, பாவம், அவர் என்ன பண்ணுவாரு? தும்மலுக்குத் தும்மல் சட்டத்தை மீறிக்கிட்டிருந்தாரு நம்ம டிரைவர்.

ஒண்ணு ரெண்டுல நிறுத்துற ஆளும் இல்லை. தூசி பட்டா வரிசையா பதினொண்ணு. முன் சீட்டுக்காரங்க எண்ணிக்கிட்டே வருவாங்க. ஒருநாள் ஒன்பதுல நின்னுபோச்சு. "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு தம்பி, மெதுவா போ"ன்னு ஒரு பெரியம்மா எச்சரிச்சாங்க. அதுக்குள்ள ரெண்டு புகார் போயாச்சு. மூணாவது போனா வண்டியை விட்டு இறக்கிடுவாங்க. வேற தொழில் அவருக்குத் தெரியாது. தோசைக்கல்லைத் திருப்பச் சொன்னாக்கூட ஸ்டியரிங் மாதிரிதான் திருப்புவாருன்னு அவர் பொண்டாட்டி சொல்லுவா.

வெளிக்கடையில மாத்திரை வாங்கலாமேன்னா, அது கூடாது. டிரைவருங்க டெப்போ டிஸ்பென்சரி மருந்தைத்தான் சாப்பிடணும்னு விதி. அங்க இருந்ததோ ஒரே ஒரு மஞ்ச மாத்திரை. அதைப் போட்டா தும்மல் நிக்கும், கண்ணிமையும் கடை ஷட்டர் மாதிரி இறங்கிடும்.

டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிற அம்மா விவரமானவங்க. அவங்க நாத்தனார் ஒருத்தி இருந்தா, இருமல் மருந்து இனிக்குதுன்னு அதை வாஷ்பேசின்ல ஊத்திட்டு, கசக்குற மருந்தா கேட்டு வாங்கிக் குடிச்சவ. கசந்தது பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கின பூச்சி மருந்துன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இருமல் என்னமோ நின்னுடுச்சு, அது வேற கதை.

அந்த அம்மா டிரைவருக்கு விளக்கமா சொன்னாங்க. உடம்புக்குள்ள ஹிஸ்டமின்னு ஒரு காவக்காரன் இருக்கானாம். தூசியைப் பாத்தாலும் திருடன்னு கூப்பாடு போடுவானாம். பழைய மாத்திரை அவன் சத்தத்தை அடக்கிட்டு, சும்மா இருக்காம மூளைக்குள்ளயும் ஏறி அங்க விளக்கை அணைச்சுடுமாம். புதுசா வந்திருக்கிற வெள்ளை மாத்திரை அவ்வளவா மூளைக்குள்ள போகாது, வேலையை முடிச்சுட்டு வாசலோட நின்னுக்கும்னாங்க. அதை வாங்கச் சொல்லி அன்னைக்கே கொள்முதல் படிவத்தையும் எழுதிப் போட்டாங்க.

கொள்முதல் அதிகாரி டிரைவரையும் அந்த அம்மாவையும் கூப்பிட்டனுப்பினாரு.

"பதினாலாவது கட்டத்துல, மருந்து எத்தனை மணி நேரம் தூங்க வைக்கும்னு கேட்டிருக்கு. நீங்க பூஜ்யம்னு போட்டிருக்கீங்க."

"தூங்க வைக்காது சார். அதான் விசேஷமே."

"பழசு எட்டு மணி நேரம் தூங்க வைக்குது. இது ஒரு நிமிஷம்கூட வைக்கலை. எதும்மா வேலை செய்யற மருந்து?"

"எனக்குத் தும்மல்தான் சார், தூக்கம் நல்லாவே வருது," அப்படின்னாரு டிரைவர்.

அதிகாரி அதையும் குறிச்சுக்கிட்டு, விஷயத்தை மருந்துகள் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினாரு. குழுவுல அஞ்சு பேர். மத்தியானம் சாப்பிட்டு வந்து, ஆளுக்கொரு வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கிட்டு கூட்டத்துல உக்காந்தாங்க. பரிசோதனைன்னா சும்மாவா, தூங்கினா கணக்கு தப்பிடும்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாங்க. இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர் கேட்டாங்க. கேட்டதும் சண்டை வந்துடுச்சு. தலைவர் எழுதின அறிக்கையை தீர்க்கதரிசனம்னே சொல்லலாம்: "மேற்படி மாத்திரையினால் தும்மல் குறைவதாகத் தெரிகிறது. எனினும் வழக்கத்துக்கு மாறான விழிப்பு என்னும் பக்கவிளைவு காணப்படுகிறது. அதை முறிக்க, மஞ்சள் மாத்திரையைச் சேர்த்து வழங்கும் நிபந்தனையுடன் ஒப்புதல் அளிக்கப்படுகிறது."

மருந்துக்கார அம்மா நாலு தடவை எதிர்த்து எழுதினாங்க. நாலுக்கும் "பரிசீலனையில் உள்ளது"ன்னு பதில் வந்துது. கடைசியில டிரைவர் தினமும் காலையில வெள்ளையும் மஞ்சளுமா ரெண்டையும் அதிகாரி முன்னாலயே முழுங்கி கையெழுத்துப் போடணும்னு ஆச்சு. மஞ்சள் முழுங்கினவர் எட்டு மணி நேரம் வண்டி தொடக்கூடாதுன்னு விதி இருக்கே, அதனால அவரை டெப்போ பெஞ்சுல உக்கார வச்சாங்க. "தும்மலை நிறுத்தச் சொன்னா, உங்களையே நிறுத்திட்டாங்களே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா பொண்டாட்டி.

அவர் பஸ்ஸை ஓட்ட வேற ஒருத்தர் வந்தாரு. அவருக்குப் பதினாலு தும்மல்.

பயணிகளுக்குப் பொறுக்கலை. பழைய டிரைவரைக் குணப்படுத்தின அதே ரெண்டு மாத்திரையைப் புது டிரைவருக்கும் உடனே குடுக்கணும்னு மனு எழுதினாங்க. நாப்பத்தி மூணு பேர் கையெழுத்து. குணமானவர் போட்டாத்தான் எடுபடும்னு பெஞ்சுக்கே கொண்டுவந்து நீட்டினாங்க.

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து யோசிச்சுப் பாத்தாரு. பொய் சொல்லக்கூடாது, ஒரு மாசமா ஒரு தும்மல்கூட வரலை. "நல்ல மருந்துதான்"னு சொல்லி நாப்பத்தி நாலாவதா கையெழுத்துப் போட்டுட்டு, அந்தக் கண்ணையும் மூடிக்கிட்டாரு.