குர்லாவில் வாங்கின கதவு

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பாலக்காட்டுலேர்ந்து வர மாமனாரை பம்பாய் குர்லா டெர்மினஸ்லேர்ந்து செம்பூர்ல இருக்கற எங்க ஆத்துக்கு அழைச்சிண்டு வரணும். அவ்வளவுதான்!

"பேசாம ஆப்ல ஒரு வண்டி புக் பண்ணுங்கோளேன்"னா என் ஆத்துக்காரி வித்யா.

"என்ன பேச்சு பேசற? சொந்தக் கார் இருக்கறச்சே!"

இந்த வீம்புக்குக் காரணம் இருக்கு. மூணு வருஷமா நான் ஆத்துலேர்ந்தே ஆபீஸ் வேலை பாக்கறேன். போன தடவை வந்த மாமனார், பத்து நாளும் என்னை அரை நிஜாரும் லேப்டாப்புமா பார்த்தார். கிளம்பறச்சே வித்யாவைத் தனியா கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு வேலை போயிடுத்துன்னா மறைக்காம சொல்லிடும்மா"ன்னார்!

அதான், இந்தத் தடவை சொந்தக் கார்ல டிப்டாப்பா போய் நின்னு மானத்தை மீட்டாகணும்.

கார் எங்கப்பா வாங்கினது. கருப்பு. ஒரு காலத்துல பம்பாய் டாக்ஸி பூரா இதே மாடல்தான். அதெல்லாம் காயலான் கடைக்குப் போயாச்சு, நம்ம வண்டி மட்டும் பாக்கி.

காலம்பற துடைக்கலாம்னு பின் கதவைத் திறந்தேன். கதவு கையோட வந்துடுத்து!

ஒரு நிமிஷம் கதவும் கையுமா நின்னேன். வித்யா பால்கனிலேர்ந்து பார்த்தா. உள்ளே போய் ஒரு பழைய துப்பட்டாவைத் தூக்கிப் போட்டா, கதவை வண்டியோட கட்டிக்கறதுக்கு.

காயலான் கடைக்குப் போறோமே, கறை தெரியக்கூடாதுன்னு ஒரு பழைய காக்கிச் சட்டையை மாட்டிண்டேன். ஸ்டேஷன்ல மாத்திக்க இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வெச்சேன். எங்க? சோபா மேல. அங்கேயே இருந்தது.

குர்லா காயலான் கடையில சலீம் பாய் துப்பட்டாவைப் பார்த்து சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அப்புறம் குவியலுக்குள்ளேர்ந்து ஒரு கதவை உருவினார்.

"டாக்ஸி கா தர்வாஜா. அதே கருப்பு! பெயிண்ட் செலவே இல்ல சாப்!"

கதவுல வெள்ளை எழுத்துல டாக்ஸி நம்பர் இருந்தது.

"இது?"

"தின்னர் போட்டுத் தேய்ச்சா போயிடும். சாயங்காலம் பண்ணிக்கோ."

கதவை மாட்டிட்டு, "மாமனார் ஊர்லேர்ந்து சாமான் கொண்டு வருவார் இல்ல?"ன்னு, நான் கேட்காமலே மேல ஒரு கேரியரையும் மாட்டிட்டார். அதுவும் செத்துப்போன டாக்ஸியோடதுதான். மஞ்சக் கலர். பளபளன்னு இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்!

கருப்பு வண்டி, மேல மஞ்சள், கதவுல நம்பர், உள்ளே காக்கிச் சட்டை. இதெல்லாம் சேர்ந்தா என்ன ஆகும்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்கோ! இதுல நான் படிச்சது இன்ஜினியரிங்.

ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தினேன். ரயில் வந்தாச்சு. படார்னு பின் கதவு திறந்தது. ஒரு மாமி, ரெண்டு பெட்டி, ஒரு பலாப்பழம்.

"செம்பூர் சலோ!"

"ஐயோ மாமி, இது டாக்ஸி இல்லை!"

"அட, நம்ம பையனா!" தமிழைக் கேட்டதும் மாமி இன்னும் சௌகர்யமா சாஞ்சுண்டார். "மீட்டர் எங்கடா?"

"மீட்டரே கிடையாது மாமி!"

"அதானே பார்த்தேன்! மீட்டரைக் கழட்டிட்டா இஷ்டத்துக்குக் கேட்கலாம்னு! இரு, கதவுல இருக்கற நம்பரைச் சொல்லி கம்ப்ளைண்ட் பண்றேன்."

அதுக்குள்ள நிஜ டாக்ஸிக்காரா நாலு பேர் சூழ்ந்துண்டா. "ஏய், லைன் மே ஆ! வரிசையை உடைச்சு சவாரி எடுக்கறியா?"

நான் கீழே இறங்கி ரெண்டு கையையும் கூப்பி, "மாஃப் கரோ பாய், மாஃப் கரோ"ன்னு கெஞ்சறேன். அப்போ பின்னாலேர்ந்து ஒரு குரல்.

"மாப்பிள்ளை..."

மாமனார்! எவ்வளவு நேரமா நின்னுண்டிருந்தாரோ, பகவானே!

காக்கிச் சட்டையைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். தானே பெட்டியைக் கேரியர்ல ஏத்திட்டு, முன் சீட்ல உக்காந்துண்டார்.

"ஷேரா? பரவாயில்லை. ஆனா என்னைத்தான் முதல்ல விடணும்"னார் மாமி.

வழி பூரா நான், "மாமா, நான் சொல்றதைக் கேளுங்கோ"ங்கறதும், மாமி, "பேசாம ரோட்டைப் பார்த்து ஓட்டு"ங்கறதுமாவே போச்சு.

"எத்தனை நாளா ஓட்டறே?"

"இன்னிக்குத்தான் மாமி." கதவைச் சொன்னேன்! கதவு மாட்டினது இன்னிக்குத்தானே!

"தெரியறது, கியர் போடற லட்சணத்துலயே"ன்னார் மாமி.

செம்பூர்ல இறங்கி ஒரு நோட்டை நீட்டினார். எனக்கு உடம்பே கூசித்து. "வேண்டாம் மாமி, தயவு பண்ணி வேண்டாம்!"

மாமனார் அந்த நோட்டை வாங்கி, என் சட்டைப் பையில வெச்சு, பையை ஒரு தட்டு தட்டினார். "உழைச்ச காசு மாப்பிள்ளை. வேண்டாம்னு சொல்லப்படாது." அவர் கண்ணு கலங்கியிருந்தது.

ஆத்துக்கு வந்ததும் வித்யா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னா. சொல்லணும்னா சிரிப்பை நிறுத்தணுமே! பாதிக்கு மேல அவளால முடியலை. மாமனார் நிதானமா தலையாட்டிட்டு, பால்கனிக்குப் போய் மாமியாருக்குப் போன் போட்டார்.

"கேட்டியா? இனிமே நீ கவலைப்படாதே. நன்னா ஓட்டறார். முதல் நாளே சவாரி!"

ஞாயித்துக்கிழமை ஒரு லிட்டர் தின்னர் வாங்கி, கை தேயத் தேய்ச்சேன். நம்பர் போச்சு. கேரியரையும் கழட்டிட்டேன்.

திங்கக்கிழமை காலம்பற, வழக்கம்போல அரை நிஜாரோட லேப்டாப்பைத் திறந்தேன். மாமனார் வந்து, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையைப் பக்கத்துல வெச்சார்.

"மணி பத்தாறது மாப்பிள்ளை. ஸ்டாண்டுக்குக் கிளம்பலையா?"