மாமனார் வீட்டு வாளியில் கரைந்த ஆழ்கடல்

வருங்கால மாமனார் வீட்டு விறாந்தையில் ஒரு மாப்பிள்ளை செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம், தேநீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. நான் குடித்தேன். மூடவில்லை.

அப்போது நான் வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவன். வெளிச்சம் எட்டாத ஆழ்கடலில், தரையிலிருந்து மீதேன் வாயு கசியும் இடங்களில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிராக்கியோபொட் என்ற ஓட்டுயிர்களே என் பாடம். (பார்வைக்குச் சிப்பி, சிப்பிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லவும் முடியாது.) விடுமுறையில் என் ஊரான கொக்குவிலுக்குப் புறப்பட்டபோது, பேராசிரியை தேசிக்காய் (எலுமிச்சை) அளவு சுண்ணக்கல் ஒன்றை என்னை நம்பித் தந்தார். பழைய கடல்தரை உயர்ந்து நிற்கும் மலையில் பல கோடைகள் தேடி, ஓடு உடையாமல் அவருக்குக் கிடைத்த ஒரே உயிர் அதற்குள் இருந்தது.

"ஊசியால் மெதுவாகச் சுரண்டி வெளியே எடு" என்றார்.

ஊசியால் சுரண்டுபவனைப் பார்த்து எந்தப் பெண் மயங்குவாள்? எனக்கு நிச்சயித்திருந்த துஷா சுன்னாகத்தில் விஞ்ஞான ஆசிரியை. அவள் வீட்டுக்குக் கல்லோடு போனேன்.

"மாமா, குளியலறை கழுவுற அசிட் கிடக்கோ? அதுக்குள்ளை போட்டால் கல்லு கரைஞ்சு, ஓடு மட்டும் முழுசா நிக்கும்."

மாமா அசிட் ஊற்றிய வாளியோடு வந்தார். துஷா குனிந்து பார்த்தாள்.

"ஓடும் சுண்ணாம்புதானே? அதுவும் கரையாதோ?"

"சீச்சீ, இது சிலிக்காவா மாறியிருக்கும், அசிட்டுக்குக் கரையாது." (புத்தகத்தில் அப்படிப் படம் பார்த்திருந்தேன். இந்தக் கல்லைச் சோதித்தேனா? இல்லை.)

கல்லை வாளிக்குள் போட்டேன். நுரை பொங்கியது. மண்ணெண்ணெய் போல ஒரு நாற்றம் எழுந்தது. "கடலுக்கடியிலை கசிஞ்ச வாயுவின்ரை மிச்சம்" என்று பெருமையாக விளக்கினேன். இரண்டாவது தேநீர் முடிய நுரையும் அடங்கியது. மாமா ஈர்க்கால் வாளியைக் கிளறினார்.

"தம்பி, இதுக்குள்ளை எதைத் தேடவேணும்?"

கறுப்புச் சேறு. அவ்வளவுதான்.

துஷா சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கை துடைக்கத் துவாய் தந்தாள்.

அன்றே பேராசிரியையை அழைத்துச் சொன்னேன். ஏச்சுக்குத் தயாராகக் கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். அவர், "படமாவது எடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

எடுக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் நான் கார்த் திறப்பை (சாவியைத்தான்) தேடினால், "அசிட்டுக்குள்ளை போட்டியளோ?" என்று துஷா கேட்பாள். மகள் விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். என் ஆய்வேட்டில் அந்த உயிரின் படம் வரவேண்டிய இடத்தில், 'மாதிரி எஞ்சவில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் நான் வீட்டில் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.